தொங்கலில் முறுக்கிய புஷ்: வீட்டில் கட்டிய ஒரு கிட் காரின் பின் சஸ்பென்ஷன்

பாகங்களாக வாங்கி நானும் என் தம்பியும் வீட்டுக் கொட்டகையில் கட்டிய இரண்டு இருக்கைக் கிட் கார், முதன்முதலாகத் தன் நான்கு சக்கரங்களில் நின்ற நாளில் பின்பக்க இடது மூலை வலது மூலையைவிட 8 மி.மீ. உயர்ந்திருந்தது. ஸ்பிரிங் அமரும் மரையிட்ட தாங்கியைத் திருகி அதைச் சமப்படுத்தினோம். சுமார் 400 கிலோமீட்டர் ஓடிய பிறகு அளந்தபோது அதே இடது மூலை 6 மி.மீ. தாழ்ந்திருந்தது, பிரேக் பிடிக்கும்போதும் பின்னோக்கி எடுக்கும்போதும் "டொக்" என்று ஓர் ஓசையும் சேர்ந்துகொண்டது. உயர்ந்திருந்த மூலை எப்படித் தாழ்ந்தது என்பதற்கான விடை ஸ்பிரிங்கிலும் இல்லை, ஷாக் அப்சார்பரிலும் இல்லை. சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம்களைச் சேசிஸோடு இணைக்கும் கட்டைவிரல் தடிமனான ரப்பர் புஷ்களை எந்த நிலையில் வைத்து முறுக்கினோம் என்பதில்தான் அது இருந்தது. வீட்டில் வண்டி கட்டுவோர் இந்த இடத்தில் எளிதாகத் தடுமாறலாம் என்பதால், நடந்ததை அளவுகளோடு எழுதுகிறேன்.

வண்டியின் பின்பக்கம்

1957-இல் பிரிட்டிஷ் பொறியாளர் காலின் சாப்மனின் லோட்டஸ் செவன் கார் போட்டுக் கொடுத்த பாதையில் வரும் வண்டி இது: சதுரக் குழாய்களை வெல்டிங் செய்த சேசிஸ், முன்னால் எஞ்சின், பின்சக்கர ஓட்டம், தேவைக்கு மேல் ஒன்றும் இல்லாத உடல். செவனின் தொடக்க வண்டிகளில் பின்னால் ஒரே துண்டான முழு ஆக்சில் இருந்தது. எங்கள் கிட்டில் ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு. பக்கத்துக்கு ஓர் அப்பர் ஆர்ம், ஒரு லோயர் ஆர்ம். ஒவ்வோர் ஆர்மும் V வடிவில் இரண்டு கால்களாகப் பிரிந்து சேசிஸின் பிராக்கெட்டுகளில் இரண்டு புஷ்களின் வழியாகப் பிணைகிறது. ஆக, பக்கத்துக்கு நான்கு, மொத்தம் எட்டு. ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி), டிஃபரன்ஷியல் (எஞ்சின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரிக்கும் பெட்டி), அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் ஆகியவை ஒரு பழைய வண்டியிலிருந்து கழற்றி எடுத்தவை. ஆர்ம்கள், பிராக்கெட்டுகள், புஷ்கள், ஸ்பிரிங்கும் ஷாக்கும் எல்லாம் கிட்டோடு வந்தவை.

பின்னால் வரும் கணக்குகளுக்குச் சில அளவுகள் வேண்டும். லோயர் ஆர்மின் நீளம் உள்புஷ்ஷிலிருந்து வெளி மூட்டு வரை 350 மி.மீ. வண்டி தன் எடையில் நிற்கும்போது அது ஏறத்தாழக் கிடைமட்டமாக இருக்கும். அந்த நிலையிலிருந்து சக்கரம் 70 மி.மீ. கீழே தொங்கவும் 60 மி.மீ. மேலே ஏறவும் இடம் உண்டு. ஸ்பிரிங் ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுங்கலுக்கும் 32 நியூட்டன் எதிர்ப்புத் தரும். ஆனால் ஷாக் ஆர்மின் நடுப்பகுதியில் சாய்வாகப் பொருத்தப்பட்டிருப்பதால் சக்கரம் 1 மி.மீ. நகரும்போது அது 0.65 மி.மீ. மட்டுமே அமுங்குகிறது. இந்த விகிதம் நகர்வில் ஒரு முறை, விசையில் ஒரு முறை என இரண்டு முறை குறைக்கும். எனவே சக்கரத்தில் உணரப்படும் கடினம் 32-ஐ 0.65-இன் வர்க்கத்தால் பெருக்கிய, மில்லிமீட்டருக்கு 13.5 நியூட்டன்தான். இந்தச் சிறிய எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எடை குறைந்த வண்டியில் ஸ்பிரிங் மென்மையாக இருப்பதால், பெரிய காரில் கண்ணுக்கே படாத ஒரு தவறு இங்கே பல மில்லிமீட்டராக வெளிப்படும்.

பொருத்திய விதம்

சேசிஸ் நான்கு ஸ்டாண்டுகளின்மேல் இடுப்பளவுக்குச் சற்றுக் கீழே நின்றது. வேலை செய்ய வசதியான உயரம் அது. அந்த வசதிதான் தவறுக்கும் இடம் கொடுத்தது. முதல் நாள் இடப்பக்கத்தை எடுத்துக்கொண்டோம். பவுடர் கோட்டிங் செய்து வந்திருந்த பிராக்கெட்டின் இரு காதுகளுக்கு (பக்கத் தகடுகளுக்கு) நடுவே ஆர்மின் கண்ணை, அதாவது புஷ் அமரும் வளையத்தை, நுழைத்து, 12 மி.மீ. போல்ட்டைச் செருகி, நைலான் வளையத்தால் தளராமல் பிடிக்கும் புதிய நைலாக் நட்டை மாட்டி, கையேட்டில் கொடுத்திருந்த 80 நியூட்டன் மீட்டருக்கு, குறித்த முறுக்குவிசை வந்ததும் ஓசை கொடுக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்கினேன். நான்கு போல்ட்டுகளும் ரெஞ்சின் "கிளிக்" ஓசையோடு முடிந்தன. ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பிராக்கெட் வரை போல்ட் திரும்பினால் தெரியும்படி மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடும் இழுத்தேன். ஹப் அப்போது தன் போக்கில் முழுத் தொங்கலில் இருந்தது.

மறுநாள் வலப்பக்கம். அங்கே டிரைவ் ஷாஃப்ட் டிஃபரன்ஷியலுக்குள் நுழைய மறுத்தது. கோணம் அதிகமாக இருந்தது. தம்பி ஹப்புக்கு அடியில் ஜாக்கியை வைத்து, ஆர்ம் ஏறத்தாழக் கிடைமட்டத்துக்கு வரும்வரை தூக்கிப் பிடித்தான். ஷாஃப்ட் உள்ளே போனது. ஜாக்கியை எடுக்காமலே நான் நான்கு போல்ட்டுகளையும் முறுக்கி முடித்தேன். இரண்டு பக்கத்துக்கும் அதே பாகங்கள், அதே ரெஞ்ச், அதே அளவு. ஆர்ம் நின்ற கோணம் மட்டும் வேறு. வலப்பக்கத்தில் இப்படித் தற்செயலாகச் சரியாக முறுக்கியிராவிட்டால் இரு பக்கமும் ஒரே மாதிரி உயர்ந்து நின்றிருக்கும். நாங்களும் அதைப் புது ஸ்பிரிங்கின் விறைப்பு என்று எண்ணி விட்டிருப்போம்.

கையேட்டில் இதைப் பற்றிய வரி இல்லாமல் இல்லை. "வண்டி தன் எடையில் நிற்கும்போது பின் ஆர்ம் போல்ட்டுகளை இறுதியாக முறுக்கவும்" என்று இறுதிச் சரிபார்ப்புப் பக்கத்தில் இருந்தது. ஆர்ம்களைப் பொருத்தும் பக்கத்தில் 80 நியூட்டன் மீட்டர் என்ற எண் மட்டும் இருந்தது. பொருத்தும் நேரத்தில் கண் அந்த எண்ணைத் தேடும். ரெஞ்ச் ஓசை கொடுத்துவிட்டால் மனம் அடுத்த வேலைக்குப் போய்விடும். கையேடுகளை எழுதுவோர் அந்த ஒரு வரியைப் பொருத்தும் பக்கத்திலேயே, எண்ணுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் அறிகுறியும் தவறான மருந்தும்

8 மி.மீ. வேறுபாட்டைக் கண்டதும் செய்ய வேண்டிய முதல் வேலையைச் செய்தோம்: கொட்டகையின் தரையை நம்பாமல் டியூப் லெவலால் அளந்தோம். தரை இடமிருந்து வலமாக 4 மி.மீ. சரிந்திருந்தது. தகரத் துண்டுகளை வைத்துச் சக்கரங்கள் நிற்கும் நான்கு இடங்களையும் சமப்படுத்திய பிறகு எடுத்த அளவுதான் அந்த 8. டயர் காற்றழுத்தம் இரு பக்கமும் ஒன்றே. சேசிஸின் பிராக்கெட் துளைகளின் உயரம் ஒரு மில்லிமீட்டருக்குள் பொருந்தியது. ஆக ஸ்பிரிங் மீது ஐயம் விழுந்தது. இரண்டு ஸ்பிரிங்குகளையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டோம். உயரம் ஸ்பிரிங்கோடு வலப்பக்கம் போகாமல் இடப்பக்கத்திலேயே இருந்தது.

ஸ்பிரிங் குற்றமற்றது என்று இந்தச் சோதனை தெளிவாகச் சொல்லிவிட்டது. அங்கேயே நின்று, இடப்பக்கத்தில் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்கைத் தவிர வேறு என்ன என்று கேட்டிருக்க வேண்டும். நான் அதைக் கேட்கவில்லை. இடது ஸ்பிரிங் தாங்கியை ஐந்து சுற்று கீழே இறக்கினேன். அதன் மரை சுற்றுக்கு 2 மி.மீ. என்பதால் அது 10 மி.மீ. இறக்கம். இரு மூலைகளும் சமமாயின. ஷாக்கின் மரையில் இடது தாங்கியும் வலது தாங்கியும் 10 மி.மீ. வேறுபட்ட இடங்களில் நின்றது என் கண்ணில் படவே செய்தது. உயரத்தைச் சரிசெய்யத்தானே அந்த மரை இருக்கிறது என்று விட்டுவிட்டேன். எடை சமச்சீரான வண்டியில் இரு தாங்கிகளும் இவ்வளவு வேறுபட்டு நின்றால், தாங்கியின் மறுபக்கத்தில் ஏதோ ஒன்று அதை ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

ரப்பர் புஷ் ஒரு ஸ்பிரிங்

இத்தகைய புஷ்ஷில் மூன்று அடுக்கு உண்டு: ஆர்மின் கண்ணுக்குள் இறுகி உட்காரும் எஃகு வெளிக்கூடு, போல்ட் நுழையும் எஃகு உள்குழாய், இரண்டுக்கும் நடுவே இரண்டோடும் ஒட்டி வார்க்கப்பட்ட ரப்பர். போல்ட்டை முறுக்கும்போது பிராக்கெட்டின் காதுகள் உள்குழாயின் இரு முனைகளையும் நெரித்துப் பிடிக்கின்றன. அதன்பின் உள்குழாய் அசையக் கூடாது. ஆர்ம் ஏறி இறங்கும்போது இங்கே எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை; ரப்பர்தான் முறுகிக்கொடுக்கிறது. அதனாலேயே இதற்குக் கிரீஸ் தேவையில்லை. அதனாலேயே, முறுக்கிய கணத்தில் ஆர்ம் எந்தக் கோணத்தில் இருந்ததோ அதையே புஷ் தன் ஓய்வு நிலையாக எடுத்துக்கொள்ளும். அந்த நிலைக்குத் திரும்பவே வண்டியின் ஆயுள் முழுவதும் முயன்றுகொண்டிருக்கும்.

350 மி.மீ. ஆர்மின் முனை 70 மி.மீ. தொங்கும்போது கோணம் 11.5 பாகை. தொங்கலில் முறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய உடனேயே ரப்பர் 11.5 பாகை முறுகிவிடுகிறது, ஓட்டமே தொடங்கவில்லை. பள்ளத்தில் விழுந்து சக்கரம் முழுதும் ஏறும்போது இன்னும் 10 பாகை சேர்ந்து 21-ஐத் தாண்டும். நிற்கும் உயரத்தில் முறுக்கியிருந்தால் அதே ரப்பர் மேலே 10, கீழே 11.5 என்று இரு பக்கமும் பகிர்ந்துகொண்டிருக்கும். இரட்டிப்பான இந்த முறுக்கம் ரப்பரை எஃகிலிருந்து பிய்க்கிறது. பிய்க்காதபோது உள்குழாயைப் பிடியிலிருந்து சுழற்றப் பார்க்கிறது.

இரண்டாம் அறிகுறி: பிடி தளர்ந்தது

400 கிலோமீட்டருக்குப் பிறகு இடது மூலை தாழ்ந்து, ஓசையும் கேட்டபோது, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதாகவே முதலில் நினைத்தேன். பழகிய ஒரு முதிய மெக்கானிக் வந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். போல்ட் தலையில் இழுத்த மஞ்சள் கோடுகள் அசையாமல் இருந்ததைக் காட்டி, எல்லாம் இறுக்கமாகத்தான் இருக்கிறது என்றேன். அவர் கோட்டைப் பார்க்கவில்லை; இடது லோயர் ஆர்மின் முன் புஷ்ஷில், உள்குழாயின் விளிம்பு பிராக்கெட்டைத் தொடும் இடத்தில் விரலைத் தேய்த்துக் காட்டினார். விரல் நுனியில் செங்கல் நிறத்தில் மிக நுண்ணிய பொடி ஒட்டியிருந்தது. "போல்ட்டு சுத்தல தம்பி, உள்ள இருக்கிற குழாய் சுத்துது. ரப்பர முறுக்கி வச்சிட்டு ஸ்பிரிங்கப் பாத்துக்கிட்டு இருக்கீங்க" என்றார். எஃகோடு எஃகு நுண்ணளவில் உரசும்போது வரும் துரு அது. அந்த இடத்தில் பவுடர் கோட்டிங் வட்டமாகத் தேய்ந்து, நடுவே வெள்ளை எஃகு மின்னியது.

டார்க் ரெஞ்சை 30 நியூட்டன் மீட்டரில் வைத்து அந்த நட்டைத் தொட்டேன்; 80-க்கு முறுக்கிய நட் 30-இலேயே நகர்ந்தது. அதே ஆர்மின் பின் புஷ்ஷிலும் அதே கதை. அப்பர் ஆர்மில் ஒரு புஷ் பிடியோடு இருந்தது. ஆனால் ரப்பருக்கும் உள்குழாய்க்கும் இடையே நகம் நுழையும் அளவுக்குப் பிளவு. நான்காவது மட்டும் நலமாக இருந்தது. நான்கு புஷ்களில் மூன்று கைவிட்டுவிட்டன. அவை தூக்கிப் பிடித்திருந்த எடை ஸ்பிரிங்கின்மேல் விழுந்தது. அந்த ஸ்பிரிங்கின் தாங்கியையோ நான் ஏற்கெனவே 10 மி.மீ. இறக்கி வைத்திருந்தேன். உயர்ந்த மூலை தாழ்ந்த மூலையானது இப்படித்தான்.

முறுக்கம் மட்டுமே காரணம் என்றால் பிடி ஏன் தளர வேண்டும் என்ற கேள்வி எஞ்சியது. இதற்கு விடை காண, கழற்றிய பாகங்களை வெர்னியர் காலிபரால் அளந்தோம். முதலில் இடைவெளி: உள்குழாயின் நீளம் 50.0 மி.மீ.; முன் பிராக்கெட்டின் காதுகளுக்கு நடுவே 51.2. அந்த 1.2 மி.மீ.-ஐ மூடுவதற்கு 3 மி.மீ. தடிமனான எஃகுக் காதுகளைப் போல்ட்தான் வளைத்திருக்கிறது. டார்க் ரெஞ்ச் சொல்வது நட்டைத் திருப்பத் தேவைப்பட்ட முயற்சியை மட்டுமே. அந்த முயற்சியில் எவ்வளவு காதை வளைப்பதற்குப் போனது, எவ்வளவு உள்குழாயை நெரிப்பதற்குப் போனது என்பதை அது சொல்லாது.

அடுத்தது பவுடர் கோட்டிங். இத்தகைய பூச்சு பொதுவாக 60 முதல் 100 மைக்ரான் தடிமன் இருக்கும். போல்ட் தலைக்குக் கீழே ஒன்று, காதுகளின் உள்முகத்தில் இரண்டு, நட்டுக்குக் கீழே ஒன்று என நான்கு அடுக்கு ஒரே போல்ட்டின் பிடிக்குள் சிக்கியிருந்தது. கூட்டினால் ஏறத்தாழ 0.3 மி.மீ. 8.8 தரத்து 12 மி.மீ. போல்ட்டை 80 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால் அது சுமார் 33 கிலோ நியூட்டன், அதாவது மூன்று டன்னுக்கும் மேற்பட்ட இழுவிசையில் நிற்கும்; ஆனால் 60 மி.மீ. பிடிநீளத்தில் அந்த இழுவிசை போல்ட்டை நீட்டுவது 0.1 மி.மீ. மட்டுமே. மூன்று டன் பிடியும் அந்த 0.1 மி.மீ. நீட்சியில்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. பூச்சு தன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு நசுங்கி ஒதுங்கினாலே நீட்சி முழுவதும் போய்விடும். நட் ஒரு பாகைகூடத் திரும்பாமலே போல்ட் தளர்ந்துவிடும். மஞ்சள் கோடு நேராக இருந்தும் பிடி இல்லாமல் போனது இதனால்தான்.

பிடி முழுமையாக இருந்திருந்தால் அது தாங்கியிருக்குமா? 33 கிலோ நியூட்டன் அழுத்தம், இரு முனைகள், உராய்வுக் கெழு 0.15, உள்குழாய் முனையின் சராசரி ஆரம் 8.5 மி.மீ. என்று கொண்டால், சுழற்சியைத் தடுக்கும் திறன் 84 நியூட்டன் மீட்டர். கீழே விவரிக்கும் சோதனையில் எங்கள் புஷ் ஒவ்வொன்றும் பாகைக்கு ஏறத்தாழ 1.5 நியூட்டன் மீட்டர் எதிர்ப்பது தெரிந்தது. தொங்கலில் முறுக்கியது முழுதும் ஏறும்போது 21 பாகைக்கு 32. ஆகப் பிடி நன்றாக இருந்தால் ரப்பர் கிழியும்வரை குழாய் சுழலாது. பிடி மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் திறன் 28. 32 அதை வென்றுவிடும். நிற்கும் உயரத்தில் முறுக்கியிருந்தாலோ அதிகபட்சம் 17 தான் வந்திருக்கும். தளர்ந்த பிடிகூடத் தாங்கியிருக்கும். தனித்தனியே ஒவ்வொரு குறையும் காலம் கடந்து வெளிப்பட்டிருக்கக்கூடும். இரண்டும் சேர்ந்ததால் 400 கிலோமீட்டரில் முடிந்தது.

சேதம் புஷ்ஷோடு நிற்கவில்லை. பிடி தளர்ந்த போல்ட் உரசி முன் பிராக்கெட்டின் ஒரு துளை 12-இலிருந்து 12.8 மி.மீ. நீள்வட்டமாக விரிந்திருந்தது. அந்த ஆர்மின் இரு கால்களுக்கும் நடுவே 280 மி.மீ. தூரம், ஒரு காலில் 0.8 மி.மீ. ஆட்டம் என்றால் சக்கரத்தின் நேர்திசை 10 கலை (ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) வரை தானாகத் திரும்பும். பின்சக்கரம் ஓட்டுநரின் அனுமதியின்றி ஸ்டீரிங் திருப்புவதற்கு இது ஒப்பு. "டொக்" ஓசை இந்தத் துளையிலிருந்துதான் வந்தது.

தவறை மீண்டும் செய்து பார்த்தது

புதிய புஷ்களைப் பொருத்தியதும், ஊகத்தோடு நின்றுவிடாமல் இருக்க, முன்பு செய்த தவறை அளவெடுத்து ஒரு முறை திரும்பச் செய்தோம். வண்டி ஸ்டாண்டுகளில் உறுதியாக நிற்க, சக்கரமும் ஷாக்கும் கழற்றப்பட்டிருக்க, ஹப்பைக் கொக்கித் தராசில் மாட்டி மேலே உத்தரத்தில் தொங்கவிட்ட கப்பியால் நிற்கும் உயரத்துக்கு இழுத்தோம். போல்ட்டுகள் தளர்ந்திருந்தபோது தராசு 22 கிலோ காட்டியது. அது ஹப், பிரேக், ஆர்ம்கள், ஷாஃப்ட்டில் பாதி ஆகியவற்றின் எடை. பிறகு முழுத் தொங்கலில் நான்கையும் 80-க்கு முறுக்கி, அதே உயரத்துக்கு இழுத்தோம்: 42 கிலோ. வேறு எதையும் மாற்றவில்லை. அந்த 20 கிலோ முழுவதும் ரப்பரின் திருகல்.

20 கிலோ என்பது ஏறத்தாழ 200 நியூட்டன். சக்கரத்தின் கடினமான 13.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 15 மி.மீ. வருகிறது; நாங்கள் கண்டதோ 8. முதலில் இது பொருந்தவில்லை என்று குழம்பினேன். வண்டி நான்கு காலில் நிற்கும் பொருள் என்பதை மறந்திருந்தேன். நாற்காலியின் ஒரு காலுக்கு அட்டை கொடுத்தால் மற்றக் கால்களும் அதைப் பங்கிட்டுக்கொள்வதுபோல, ஒரு மூலையில் சேரும் விசை மற்ற மூன்று ஸ்பிரிங்குகளையும் நகர்த்துகிறது. நான்கும் ஏறத்தாழ ஒரே கடினம் என்றால், அந்த மூலைக்கும் அதன் பக்கத்து மூலைக்கும் உள்ள வேறுபாடு பாதியாகத்தான் வெளிப்படும்: 7.4 மி.மீ. அளந்தது 8. மூன்று புஷ்கள் கைவிட்டபோது எதிர்பார்க்க வேண்டியது 5.5; அளந்தது 6. இந்த இரண்டு பொருத்தங்களையும் கண்ட பிறகுதான் வேறு காரணம் தேடுவதை நிறுத்தினேன்.

சரிசெய்த முறை

பழைய புஷ்களின் வெளிக்கூட்டை ஆக்சா பிளேடால் உள்ளிருந்து நீளவாக்கில் அறுத்து, ஆர்மின் கண்ணில் கீறல் விழாமல் எடுத்தோம். புதியவற்றை வைஸில் வைத்து அழுத்தும்போது, வெளிக்கூட்டின் விளிம்பை மட்டும் தொடும் அளவுள்ள சாக்கெட்டை இடையில் கொடுத்தோம். உள்குழாயை அழுத்தினால் ரப்பரின் ஒட்டு முதல் நாளே பிய்ந்துவிடும். வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும், எஞ்சின் ஆயில் ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும். விரிந்த துளை இருந்த காதின் வெளிமுகத்தில் சரியான 12 மி.மீ. துளையுள்ள 3 மி.மீ. தகட்டை வெல்டிங் செய்து, அதற்கேற்ப நீண்ட போல்ட் போட்டோம். துளைக்குள் மரை வராமல் போல்ட்டின் வழவழப்பான தண்டுப் பகுதியே வரும்படி நீளத்தைப் பார்த்துக்கொண்டோம்.

எட்டு பிராக்கெட்டுகளிலும் உள்குழாய், போல்ட் தலை, நட் ஆகியவை அமரும் வட்டத்தில் மட்டும் பூச்சை அரத்தாலும் உப்புத்தாளாலும் எஃகு தெரியும்வரை எடுத்தோம். முறுக்கி முடித்தபின் விளிம்பில் பெயின்ட் தொட்டுவிட்டால் துரு பிடிக்காது. இடைவெளி அதிகமிருந்த இடத்தில் 1 மி.மீ. வாஷர் கொடுத்தபோது, உள்குழாய் கை அழுத்தத்தில் நுழைந்து, போல்ட் இல்லாமலே தன் இடத்தில் நின்றது. அதுதான் சரியான பொருத்தத்தின் அடையாளம். நைலாக் நட்டுகள் அனைத்தும் புதியவை. போல்ட்டின் தண்டில் மட்டும் கிரீஸ் தடவி, மரையை உலர்வாக விட்டோம்; மரையில் கிரீஸ் இருந்தால் அதே 80-க்குப் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

முறுக்குவதற்கு வண்டியைத் தரையில் இறக்கிவிட்டு அடியில் படுப்பது ஒரு வழி. ஆனால் உடல், பெட்ரோல் டேங்க், இருக்கைகள் எல்லாம் ஏறாத வண்டி தன் உண்மையான உயரத்துக்கு இறங்காது. எனவே ஷாக்கின் இடத்தில் ஒரு போலி ஷாக் செய்தோம். எங்கள் ஷாக்கின் முழு நீளம் 335 மி.மீ.; சக்கரம் 70 மி.மீ. தொங்கலிலிருந்து நிற்கும் உயரத்துக்கு வர அது 0.65 பங்கான 45 மி.மீ. அமுங்க வேண்டும். 25 மி.மீ. சதுரக் குழாய் ஒன்றில் 290 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளைகள், அவ்வளவுதான். அதை மாட்டியதும் ஆர்ம் நிற்கும் உயரத்தில் பூட்டப்பட்டுவிட்டது. சேசிஸ் ஸ்டாண்டிலேயே இருக்க, நிமிர்ந்து உட்கார்ந்து எட்டையும் முறுக்கினோம். வெற்று ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகும் தேவையும் இல்லாமல் போனது. போலியை எடுத்துவிட்டுத் தராசு சோதனையைத் திரும்பச் செய்தபோது 22 கிலோவுக்கு மேல் சில நூறு கிராம்தான் காட்டியது.

பாலியூரித்தேன் புஷ்ஷுக்கு மாறிவிடலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். அதில் உள்குழாய் ஒட்டியிருக்காது, ஆர்ம் அதைச் சுற்றிச் சுழலும். எனவே எந்தக் கோணத்தில் முறுக்கினாலும் இந்தத் திருகல் வராது. ஆனால் உள்குழாயின் பிடி அங்கும் அதே அளவுக்கு வேண்டும், அவ்வப்போது கிரீஸும் வேண்டும், சாலையின் அதிர்வும் கூடுதலாகச் சேசிஸுக்கு வரும். சாலையில் ஓடும் வண்டிக்கு ஒட்டிய ரப்பரே போதும் என்பது என் தேர்வு. முழு ஆக்சிலும், அது பக்கவாட்டில் நகராமல் சேசிஸோடு பிணைக்கும் பன்ஹார்ட் தண்டும் உள்ள கிட்டுகளிலும் ரப்பர் புஷ் இருந்தால் விதி இதுவேதான். அங்கே கூடுதலாக, அந்தத் தண்டு நிற்கும் உயரத்தில் கிடைமட்டமாக இருக்கும்படி பொருத்தினால், 900 மி.மீ. தண்டில் 50 மி.மீ. ஏற்றத்துக்கு ஆக்சில் பக்கவாட்டில் 1.4 மி.மீ. மட்டுமே நகரும்.

பிறகு

இரு ஸ்பிரிங் தாங்கிகளையும் ஒரே மரை எண்ணிக்கைக்குக் கொண்டுவந்தோம். ஓட்டுநர் எடைக்கு மணல் மூட்டை, பாதி டேங்க் பெட்ரோல், சமப்படுத்திய தரை ஆகியவற்றோடு அளந்தபோது பின்பக்க வேறுபாடு 1 மி.மீ. வண்டியின் இரு பக்கமும் இணையாக நூல் கட்டி ரிம்மின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் அளந்து, சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கிச் சாயும் அளவான டோ-இன்னைச் சரிசெய்தோம், 400 மி.மீ. ரிம்மில் 1 மி.மீ. வேறுபாடு என்பது ஏறத்தாழ 8.5 கலை என்பதால் இந்த வேலையில் அரை மில்லிமீட்டரையும் விடக் கூடாது. "டொக்" ஓசை முதல் ஓட்டத்திலேயே இல்லை.

100 கிலோமீட்டரிலும் 1,000 கிலோமீட்டரிலும் ரெஞ்சை 70-இல் வைத்து எட்டு நட்டுகளையும் சோதித்தோம், ஒன்றும் நகரவில்லை. இம்முறை பெயின்ட் கோட்டைப் போல்ட் தலையில் இழுக்கவில்லை. பிராக்கெட்டின் உள்முகத்தில் தொடங்கி, ரப்பருக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் துருத்தி நிற்கும் உள்குழாயின் விளிம்பைக் கடந்து, ஆர்மின் கண் வரை ஒரே வெள்ளைக் கோடு. வண்டியைத் தூக்கினால் கோடு உள்குழாய் வரை அசையாமல் நின்று, ஆர்மின்மேல் உள்ள துண்டு மட்டும் விலகிப் போகிறது. இறக்கினால் திரும்பி வந்து சேர்ந்துகொள்கிறது. 2,000 கிலோமீட்டருக்குப் பிறகு பார்த்தபோதும் எட்டு இடங்களிலும் அது சேர்ந்தே இருந்தது.